சாயம் காட்டிய வழி

உடலின் ஒரு சிறு துணுக்கைச் சாயத்தில் நனைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சில செல்களில் மட்டும் நிறம் பற்றும். பக்கத்துச் செல் வெளுப்பாகவே இருக்கும். இது ஏன் என்று யோசித்த ஒருவர், மருத்துவத்தில் புதுவழி திறந்தார். அவர் பெயர் பால் எர்லிக்.

1854, மார்ச் 14ல் பிரஷ்யாவின் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. மருத்துவ மாணவராக இருந்தபோதே விதவிதமான சாயங்களோடுதான் பொழுதைக் கழித்தார். ஆய்வு செய்த காலத்தில் காசநோய் அவரைத் தாக்கியது. எகிப்து சென்று ஓய்வெடுத்து, 1889ல் நாடு திரும்பி, மீண்டும் ஆய்வில் மூழ்கினார்.

அப்போது தொண்டை அடைப்பான் நோய்க்குப் பல குழந்தைகள் பலியாகி வந்தனர். அதற்கு பெரிங் என்பவர் சீரம் கண்டுபிடித்தார். அதன் வீரியத்தைச் சரியாக அளக்கும் முறையை வகுத்தவர் எர்லிக். அந்த சீரத்தில் இருந்த எதிர்ப்புப் பொருளைத்தான் இன்று ஆன்டிபாடி என்கிறோம். பூட்டுக்கேற்ற சாவி போல, ஒவ்வொரு நஞ்சுக்கும் பொருந்தும் எதிர்ப்புப் பொருள் உடலில் உருவாகிறது என்றார் எர்லிக். நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908ல் மெச்னிகாபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

சாயம் போலவே, நோயை மட்டும் பற்றி அழிக்கும் மருந்து வேண்டும் என்பது அவர் கனவு. அதை, 'மாயத் தோட்டா' என்று அழைத்தார். நூற்றுக்கணக்கான ரசாயனங்களைச் சோதித்தார். பயனில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்த 606ம் எண் மருந்தை, 1909ல் ஜப்பானியரான ஹாட்டா மறுபடி சோதித்தார். அது சிபிலிஸ் என்ற கொடிய நோயைக் குணமாக்கியது!

புற்றுநோயையும் எர்லிக் விட்டுவைக்கவில்லை. எலிகளை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார், மருந்து கிடைக்கவில்லை. ஆனால், உடலில் தோன்றும் புற்றுச் செல்களை நோய் எதிர்ப்பு சக்தியே அடக்கி வைக்கிறது என்ற கருத்தை 1909ல் வெளியிட்டார். 1915, ஆகஸ்ட் 20ல் மறைந்தார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1975ல் கோலர், மில்ஸ்டீன் என்ற இருவர், ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டனர். 1997ல் ரிட்டுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து, ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சில ரத்த செல்களின் மேலுள்ள ஓர் அடையாளத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் செல்கள் அழியும். சாயம் பற்றுவது போலத்தான்!

எர்லிக் காணாத வெற்றி அது. ஆனாலும், விதை அவர் போட்டது. ஒதுக்கி வைத்ததை மறுபடி எடுத்துப் பார்க்கும் பொறுமை உங்களுக்கும் வேண்டும், செல்லங்களே!