மலைக்காட்டில் எடிசன்!

மின்சார விளக்கு என்றதும் எடிசன் பெயர்தான் நினைவுக்கு வரும். பேச்சையும் பாட்டையும் பதிவு செய்யும் "போனோகிராப்" கருவியும் அவர் கண்டுபிடித்ததுதான். இரவு பகல் பாராமல் சோதனைச் சாலையிலேயே கிடந்தவர் அவர். அப்படிப்பட்டவர், தள்ளாத வயதில் மெத்தையை விட்டுவிட்டு, மலைக்காட்டில் கூடாரம் அடித்துப் படுத்தார் என்றால் நம்ப முடிகிறதா?

ஒரு தடவை அல்ல, பல தடவை போனார்!

பத்திரிகை விற்ற பையன்

தாமஸ் ஆல்வா எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் உள்ள மிலான் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். மற்றப் படிப்பெல்லாம் தாயாரிடம். சிறுவனாக இருக்கும்போதே ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்றார். அந்த வயதிலேயே காதும் மந்தமாகிவிட்டது.

1877-ல் போனோகிராப்பைக் கண்டுபிடித்தார். வீடுகளுக்கு ஏற்ற மின்சார விளக்கை 1879-ல் எரியவிட்டுக் காட்டினார். பணமும் புகழும் வந்தன. ஆனால் உழைப்பு குறையவில்லை.

1914-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அவருடைய தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பல கட்டிடங்கள் எரிந்து போயின. அப்போது அவருக்கு வயது 67. வேறு ஒருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். எடிசன் உடனே மறுபடியும் கட்டத் தொடங்கிவிட்டார்.

நான்கு நண்பர்கள்

மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு, எடிசனைத் தம் குருவாகவே மதித்தவர். போர்டு முன்பு டெட்ராயிட் நகரில் எடிசன் பெயரில் இருந்த மின்சாரக் கம்பெனியில் என்ஜினீயராக வேலை பார்த்தார். பெட்ரோலில் ஓடும் வண்டியை விடாமல் செய்து பார்க்கும்படி, 1896-ல் அவரை ஊக்கப்படுத்தியவர் எடிசன்.

1915-ல் இருவரும் கலிபோர்னியா பொருட்காட்சிக்குப் போனார்கள். டயர் முதலாளி ஹார்வி பயர்ஸ்டோனும் உடன் போனார். அங்கே மூவரும் மோட்டாரில் ஊர் சுற்றினார்கள். அது எடிசனுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அடுத்த ஆண்டு கூடாரத்தோடு கிளம்பிவிடலாம் என்று அவரே யோசனை சொன்னார்.

நான்காவது ஆள், வெள்ளைத் தாடிக்காரரான ஜான் பர்ரோஸ். பறவை, மரம், மலை பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். மோட்டார் வண்டி என்றாலே அவருக்கு ஆகாது. போர்டு 1913-ல் ஒரு வண்டியைப் பரிசாகக் கொடுத்துத்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தார்!

1916-ல் அடிராண்டாக் மலைப் பயணம். போர்டு வர முடியவில்லை. காட்டில் யாரும் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பது எடிசனின் சட்டம். பயர்ஸ்டோன் நைசாக ஓட்டலுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். அவரை எடிசன் கேலி செய்து தீர்த்துவிட்டார்.

ஒடிந்த விசிறி

1918-ம் ஆண்டுப் பயணம்தான் பெரிது. ஆகஸ்டு மாதம் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து புறப்பட்டார்கள். கார்கள், சாமான் ஏற்றிய லாரிகள், சமையல்காரர் என்று ஒரு படையே சென்றது. பர்ரோசுக்கு 81 வயது, எடிசனுக்கு 71.

எடிசன் டிரைவர் பக்கத்தில் முன் ஆசனத்தில் அமர்ந்து, திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வழி சொல்வார். நல்ல ரோடு அவருக்குப் பிடிக்காது. ஊர்களை ஒதுக்கிவிட்டு, கரடுமுரடான மலைப்பாதையில்தான் வண்டியை விடச் சொல்வார். குலுங்கிக் குலுங்கி மற்றவர்களுக்கு இடுப்பு நொந்தது. அவர் மட்டும் சுகமாக உட்கார்ந்திருப்பார்.

கானல்ஸ்வில் என்ற ஊர் அருகே வந்தது ஆபத்து. பெரிய காரின் விசிறி ஒடிந்து, ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. பிட்ஸ்பர்க்கிலிருந்து புதுச் சாமான் வரவேண்டும், வேறு வழியில்லை என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

போர்டு கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். ஒடிந்த விசிறியைச் செம்புக் கம்பியால் இழுத்துக் கட்டினார். ரேடியேட்டர் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தார். சுமார் இரண்டு மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது! கோடீசுவரர் ஆன பிறகும் கை வேலையை அவர் மறக்கவில்லை பாருங்கள்.

இதை ஒட்டி ஒரு வேடிக்கைக் கதையும் உலவுகிறது. ரிப்பேர் பார்த்தவர் தம் பெயர் போர்டு என்றாராம். அதோ இருப்பவர் எடிசன், இவர் பயர்ஸ்டோன் என்றும் காட்டினாராம். கேட்டுக்கொண்டிருந்த பட்டிக்காட்டு ஆசாமி, அப்படியானால் அந்தத் தாடிக்காரர் கிறிஸ்துமஸ் தாத்தாவோ என்று கேட்டுவிட்டாராம்! நடந்ததோ, கட்டிவிட்டதோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது.

இரவானால் மலைக்குளிர். விறகை வெட்டி நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். பாதிப் பேச்சு எடிசன் காதில் விழாது. ஆனாலும் கதை சொல்வதில் அவர்தான் முதல்வர். கூடாரங்களில் மின்சார விளக்கு எரிந்தது. அதற்கு வேண்டிய பாட்டரி எடிசனுடையது. காட்டுக்குப் போனாலும் தொழில் விடவில்லை!

காலியான இடம்

1921 மார்ச் 29-ந் தேதி, கலிபோர்னியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில், ரெயிலிலேயே பர்ரோஸ் உயிர் பிரிந்தது. இன்னும் ஐந்து நாள் இருந்திருந்தால் 84 வயது நிறைந்திருக்கும்.

அந்த ஆண்டுப் பயணத்தில், மேரிலாந்து மலைப்பக்கத்தில், ஜனாதிபதி ஹார்டிங்கே வந்து கலந்துகொண்டார். எடிசன் என்ன செய்தார் தெரியுமா? ஜனாதிபதி பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் புல்தரையில் படுத்துத் தூங்கிவிட்டார்.

மழையும் குளிரும் ஒடிந்த விசிறியும் இவர்களைத் தடுக்கவில்லை. தடுத்தது புகழ்தான். எங்கே கூடாரம் அடித்தாலும் ஜனக்கூட்டம், நிருபர்கள், படக்காரர்கள்! நிம்மதி தேடி வந்த இடத்தில் நிம்மதி இல்லை. 1924-ம் ஆண்டோடு அந்தப் பயணங்கள் நின்றுபோயின.

எடிசன் 1931 அக்டோபர் 18-ந் தேதி, 84-வது வயதில் காலமானார். 21-ந் தேதி அடக்கம் நடந்தது. அன்று இரவு ஜனாதிபதி ஹூவரின் வேண்டுகோளின்படி, அமெரிக்க மக்கள் ஒரு நிமிஷம் விளக்குகளை அணைத்தார்கள்.