தோட்ட வேலியைக் கடந்தவர் - கோ. நடேசய்யர்

சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்து பேசுவோர் பலர். இயற்றப்பட்ட சட்டத்தை அதற்குரிய ஏழை மக்களின் செவியிற் கொண்டு சேர்ப்போர் சிலரே. இவ்விரு பணியையும் ஒருங்கே ஏற்று, அதன் பொருட்டே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் கோ. நடேசய்யர். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாள் வேலை என்பது எத்தனை மணி, எந்த வயதுப் பிள்ளையை வேலைக்கு இடலாம் என்னும் வினாக்கள் எழுந்த காலம் அவருடைய காலமாகும். அவ்வினாக்கள் இன்றும் முற்றும் தீர்ந்தில. ஆதலின் அவர் வரலாற்றை மாணவரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

நடேசய்யர் தஞ்சை மண்ணில் 1887ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே எழுத்துத் துறையில் நாட்டங் கொண்டு, வணிகர் நலன் கருதும் 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழை நடத்தினார். வணிகர் தொடர்பே அவரை முதன்முதலாக இலங்கைக்கு அழைத்து வந்தது. கொழும்பில் வணிகரைக் கண்டு மீள்வதோடு அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. தம் நாட்டினின்றும் கடல் கடந்து வந்து மலைச்சாரலில் உழைக்கும் மக்களைக் காண விழைந்தார். துரையின் அனுமதியின்றித் தோட்டத்துள் பிறர் நுழைதல் அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. புடவை வணிகர்க்கு மட்டும் வழி திறந்திருந்தது. நடேசய்யர் புடவை மூட்டையைச் சுமந்தார்; லயந்தோறும் சென்றார்; விற்பவர் போல் அமர்ந்து மக்கள் கூறியவற்றைக் கேட்டார். ஓர் அந்தணர், படித்தவர், பத்திரிகையாளர் இவ்வேடம் பூண்டது அந்நாளில் எளிய செயலன்று. கண்டவற்றை அவர் எழுதி வெளியிட்டார்.

அவர் அங்குக் கண்ட வாழ்வு எத்தகையது? விடியுமுன் தப்பொலி எழும். இருள் பிரியாத வேளையிலேயே ஆண், பெண், பிள்ளை என அனைவரும் பெரட்டுக்களத்தில் நிற்றல் வேண்டும். கொழுந்து கொய்தல், புல் வெட்டுதல், செடிகளிற் பூச்சி முட்டை பொறுக்குதல் முதலிய வேலைகளில் சிறுவர் கைகளும் ஈடுபட்டன. பிந்தி வந்தவனுக்கும் குறைவாகக் கொய்தவளுக்கும் கணக்கில் அரைப்பேரே விழும். கங்காணியிடம் பெற்ற கடன் ஆண்டுதோறும் வளரும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளி குற்றவாளியாகச் சிறை செல்ல நேர்ந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்ற பெரியோர் இக்கொடுமையை எதிர்த்து இடையறாது எழுதியும் பேசியும் வந்தனர். 1921இல் அச்சிறைத் தண்டனை விதிகளும் துண்டு முறையும் ஒழிந்தன.

அதே 1921இல் நடேசய்யர் கொழும்பில் 'தேசநேசன்' என்னும் நாளிதழின் ஆசிரியரானார். பின்னர் 1924இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். தோட்டத்தில் நிகழ்ந்த அநீதிகள் தமிழ் எழுத்தில் அச்சேறி வெளியுலகுக்கு எட்டின. 1925இல் நடந்த இடைத்தேர்தலில் இந்தியர் பிரதிநிதியாகச் சட்ட நிரூபண சபைக்குத் தெரிவு செய்யப்பெற்றார். மூட்டை சுமந்து மறைவாக நுழைந்தவர், இப்போது ஆள்வோர் முகத்துக்கு நேரே நின்று பேசும் உரிமை பெற்றார்.

பிள்ளைகளின் வேலையைப் பற்றி அந்நாளில் இருந்த சட்டங்களை ஈண்டு நோக்குதல் வேண்டும். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டந்தோறும் பள்ளி வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு இடலாகாது என்றும் விதித்தது. அதாவது, காலைப் பொழுது பள்ளிக்கு. எஞ்சிய பொழுது மலைக்கு! நடேசய்யர் சபையில் அமர்ந்திருந்த 1927இல், இந்தியத் தொழிலாளர்க்குரிய குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அது 10 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு இடுதலைத் தடுத்தது. நடுப்பகல் உணவு வேளை உட்பட ஒரு நாள் வேலை 9 மணி என வரையறுத்தது. 1929இல் நடைமுறைக்கு வந்த கூலி விகிதப்படி, உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஆண்பிள்ளை 16 வயதும் பெண்பிள்ளை 15 வயதும் கடக்கும்வரை பிள்ளைக்கூலிதான்.

இவ்விகிதம் போதாதென்பது நடேசய்யர் கட்சி. அதன் நியாயத்தை எவரும் கணக்கிட்டு அறியலாம். தாயும் தந்தையும் ஒரு நாள் முழுதும் உழைத்தால் 97 சதம். பிள்ளைகள் இருவர் உடன் உழைத்தால் 64 சதம் கூடி, 161 சதம் ஆகும். குடும்ப வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கு பிள்ளைகளின் கையில் இருந்தது. இந்நிலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பென்று தாய்க்கு உபதேசித்தல் எளிது. அவ்வீட்டில் அடுப்பெரிவது எளிதன்று. பெற்றோர் கூலி உயர்ந்தாலன்றிப் பிள்ளையின் வேலை நேரம் குறையாது. தோட்டக் குடும்பத்தில் கூலிப் போராட்டமே கல்விப் போராட்டமாகவும் இருந்ததை இக்கணக்கு காட்டுகின்றது.

மற்றொரு தடையும் உண்டு. சட்டம் 9 மணி என்றது. ஆனால் லயத்தில் கடிகாரம் ஏது? தப்பும் கொம்பும் கங்காணியின் குரலுமே தொழிலாளியின் கடிகாரம். நேரத்தை அளக்கும் கருவி வேலை வாங்குவோன் கையில் இருக்கும்போது, நேரத்தை வரையறுக்கும் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். நடேசய்யர் இதனை நன்குணர்ந்தவர். ஆகவே சபைப் பேச்சோடு அமையாது, தொழிலாளரின் உரிமைகளையும் சட்டங்களையும் விளக்கும் சிறு நூல்களை எளிய தமிழில் எழுதி வெளியிட்டார். 1931இல் அட்டனைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டு, அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். எழுத்தறியாதார்க்கு நூலால் பயன் என்னை? அக்குறையை அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை தீர்த்து வைத்தார். தொழிலாளர் துயரைத் தாமே பாட்டாக இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். எழுத்து எட்டாத இடத்துக்கு இசை எட்டியது.

சம்மேளனம் தோன்றிய காலம் நற்காலமன்று. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்தது. நிருணயித்த கூலியும் குறைக்கப்பட்டது. தோட்ட முதலாளிமார் அவரைப் பகைவராகவே கருதினர். ஆயினும் 1936இல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1947 வரை அங்கு அவர் குரல் ஒலித்தது. பின்னாளில் வேறு தொழிற்சங்கங்கள் ஓங்கி வளர்ந்தன. அவர் செல்வாக்குச் சுருங்கியது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், இலங்கை விடுதலை பெறுதற்கு மூன்று திங்கள் இருக்கும்போது, இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவருக்குப்பின் சட்டம் வளர்ந்தது. 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் 14 வயது நிரம்பாதாரைப் பிள்ளைகள் என்றும், 14க்கு மேல் 18க்குட்பட்டோரை இளைஞர் என்றும் பகுத்து, அவர்களின் வேலையைக் கட்டுப்படுத்தியது. 2021இல் செய்யப்பட்ட திருத்தம் வேலைக்குரிய குறைந்த வயதை 16 ஆக்கியது. பத்து வயதினின்று பதினாறுக்கு ஏறிவர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

எனினும் நடேசய்யர் கண்ட இடைவெளி இன்னும் அடைபடவில்லை. பூனாகலை போன்ற மலைத் தோட்டங்களினின்றும் பள்ளி விடுமுறையிலோ, படிப்பை இடைநிறுத்தியோ, தொலைநகர்க் கடைகளுக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞர்க்குத் தம் வயதுக்குச் சட்டம் வகுத்த எல்லை எதுவென்று கூறுவார் யார்? கடை முதலாளி கூறார், பெற்றோர் அறியார். அப்பொறுப்பு ஆசிரியரையே சாரும். ஆண்டுக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கி, வேலைக்குரிய வயது எது, நாளுக்கு எத்தனை மணி, இரவில் வேலை வாங்கலாமா, குறையிருப்பின் எந்தத் தொழில் அலுவலகத்தில் முறையிடுவது என்பவற்றை மேல்வகுப்பு மாணவர்க்கு உரைத்தல் அரிதன்று. புடவை மூட்டையோடு வேலி கடந்த அப்பெரியார்க்கு நாம் செய்யத்தக்க நினைவுக்கடன் அதுவே.