குழாய் தேடும் ரேடார்: தொடக்கம் ஹெர்ட்ஸின் இருட்டறையில்

சாலையோரத்தில் ஊழியர் ஒருவர் தள்ளுவண்டி மாதிரி ஒன்றை மெதுவாக உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்களா? தூரத்திலிருந்து புல்வெட்டும் இயந்திரம் போலத் தெரியும். ஆனால் அது வெட்டுவதில்லை, தேடுகிறது.

அது தரை ஊடுருவும் ரேடார். மண்ணுக்குள் ரேடியோ அலைகளை அனுப்பி, தண்ணீர்க் குழாய் எங்கே, எரிவாயுக் குழாய் எங்கே என்று பார்க்கிறது. கணிப்பு தவறி, தோண்டும் இயந்திரம் எரிவாயுக் குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

அந்த ரேடாரின் அலைகளை மெகாஹெர்ட்ஸ் கணக்கில் சொல்வார்கள். நம் கைபேசி, வானொலி எல்லாவற்றிலும் வரும் அந்த 'ஹெர்ட்ஸ்' ஒரு மனிதரின் பெயர்.

யார் அவர்?

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், 1857ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர். மகனுக்கோ சின்ன வயதிலேயே மரவேலையிலும் கருவிகள் செய்வதிலும் ஆசை. பொறியியல் படிக்கப் போய், பாதியில் இயற்பியலுக்குத் தாவினார். 1885இல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரானார்.

மின்காந்த அலைகள் இருக்க வேண்டும் என்று மேக்ஸ்வெல் அதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். கணக்கு சரி, ஆதாரம்? அதைக் காட்டியவர் ஹெர்ட்ஸ்.

ஒரு பக்கம் மின்பொறி தெறிக்கும் கருவி. மறுபக்கம், கம்பிகளுக்கு நடுவே மிகச் சிறிய இடைவெளி. அலை வந்து சேர்ந்தால் அங்கேயும் பொறி தோன்றும். அது அவ்வளவு சின்னது என்பதால், இருட்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

1888இல் அவர் செய்த சோதனைகளைப் படித்தால் ரேடார் கையேடு படிப்பது போலவே இருக்கிறது. துத்தநாகத் தகட்டில் அலைகள் பட்டுத் திரும்பின. மூடிய மரக்கதவைத் தாண்டி அடுத்த அறைக்குப் போயின. அரை டன்னுக்கும் அதிக எடையுள்ள கீல் பட்டகத்துக்குள் நுழைந்து, திசை மாறி வெளியே வந்தன.

உலோகம் திருப்பி அனுப்பும், மின்சாரம் கடத்தாத பொருள் வழிவிடும். குழாய் தேடும் ரேடாருக்கு அடிப்படை இதுதான். அலை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். ஈரக் களிமண் என்றால் சிக்கல். அலை சீக்கிரமே வலுவிழந்துவிடும். பிளாஸ்டிக் குழாய், உலோகக் குழாய் அளவுக்குப் பளிச்சென்று தெரியாது.

இன்னொரு சுவாரஸ்யம். அந்தச் சோதனைகளில் ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைநீளம் சுமார் 66 சென்டிமீட்டர். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 450 மெகாஹெர்ட்ஸ். குழாய் தேடும் ரேடார்கள் பலவும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இயங்குகின்றன!

இவ்வளவு செய்தவர், இந்த அலைகளால் நடைமுறையில் பயன் ஏதும் இருக்கும் என்று நினைக்கவில்லை. மேக்ஸ்வெல் சொன்னது சரி என்று காட்டியதே அவருக்குப் போதுமாக இருந்தது.

யோசனையை மாற்றிக்கொள்ள நேரமும் கிடைக்கவில்லை. 1892இல் நோய்வாய்ப்பட்டார். பல அறுவை சிகிச்சைகள். 1894 ஜனவரி 1ஆம் தேதி பான் நகரில் காலமானார். வயது 36தான். மனைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் தனித்து நின்றார்கள். கம்பியில்லாத் தந்தி வந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

1930இல் அதிர்வெண் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மூன்றே ஆண்டில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். அப்பா வழியில் யூத வம்சம் என்பதால், ஹாம்பர்க் நகர மண்டபத்தில் இருந்த ஹெர்ட்ஸின் படம் அகற்றப்பட்டது. அவருடைய மனைவியும் மகள்களும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள்.