ரோட்லர் ஐயரும் மூலிகையின் உள்ளுறை உயிர்களும்

ஜான் பீட்டர் ரோட்லர் ஐயரைத் தமிழ் மாணாக்கர் அகராதி ஆசிரியராக அறிவர். செடிநூல் வல்லார் தம் துறை முன்னோருள் ஒருவராகப் போற்றுவர். இவ்விரு தொண்டும் ஒருவர் வாழ்விற் பொருந்தியது வியப்பன்று. சொல்லையும் செடியையும் ஊர் ஊராகச் சென்று திரட்டுதற்கு வேண்டுவது ஒரே பொறுமையன்றோ!

ரோட்லர் 1749ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரிற் பிறந்தார். 1776இல் மிஷன் ஊழியராகத் தரங்கம்பாடி சேர்ந்து, தமிழைக் கசடறக் கற்றார். கேனிக் என்னும் மருத்துவரின் கூட்டுறவால் செடிநூலில் வேட்கை கொண்டார். 1799-1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்து மீண்ட வழியெல்லாம் தாம் கண்ட செடிகளைக் குறித்துவைத்தார். அக்குறிப்புகள் 1803இல் ஜெர்மனியில் அச்சேறின. பின்னர் வேப்பேரியில் அமர்ந்து, 1836 ஜனவரி 24இல், தம் 86ஆம் வயதிற் காலஞ்சென்றார். அவர் திரட்டிய உலர்செடித் தாள்களிற் பல இன்று லண்டனையடுத்த கியூ தோட்டத்தில் உள்ளன.

அவர் பெயர் ஒரு மருந்துப் பொருளிலும் நிலைத்தது. குரங்குமஞ்சணாறி மரத்தின் காய்மேற் படியும் செந்தூளே கபிலப்பொடி. அது பட்டுக்குச் சாயமாகவும் நாடாப்புழுவுக்கு மருந்தாகவும் பயன்பட்டது. ராக்ஸ்பர்க் என்பார் இம்மரத்திற்கு ரோட்லெரா என்னும் பேரினப் பெயரைச் சூட்டினார். அப்பெயர் பின்னர் மல்லோட்டஸ் என மாறிற்று. ஆயினும் செந்தூளினின்று பிரித்த பொருளுக்கு ரோட்லெரின் என்பதே இன்றும் பெயர்.

நிற்க. இலையை அழுத்தி உலர்த்தினால் அதன் வடிவம் நிலைக்கும். அதனுள் உயிரோடு வாழ்ந்தவை நிலையா. மூலிகைகளின் வேரிலும் தண்டிலும் இலையிலும் நோய் செய்யாது உறையும் பாக்டீரியாக்கள் பல. வேரின் நுண்ணிய வெடிப்புகள் வழியே உட்புகுந்து, உயிரணுக்களின் இடைவெளியிற் குடியிருப்பன அவற்றுட் சில. அவை வளர்ச்சிக்குரிய பொருள்களை அளிக்கின்றன. செடியின் தற்காப்பையும் தூண்டுகின்றன. மருந்தென நாம் கொள்வன பெரும்பாலும் அத்தற்காப்புப் பொருள்களே. லக்னோ ஆராய்ச்சியாளர், நித்தியகல்யாணியின் உள்ளுறை பாக்டீரியாக்களைப் பிரித்து அச்செடிக்கே மீண்டும் ஊட்டினர். அதன் மருந்துச் சத்துகள் சில மிகுந்ததனை 2013இல் வெளியிட்டனர்.

சிலவிடத்து மருந்தைச் சமைப்பதே அக்குடியிருப்பாளர் தாம். நம் நாட்டுப் பாவட்டையின் இலையை ஒளிக்கெதிரே பிடித்தால் கரும்புள்ளிகள் தோன்றும். அவை பாக்டீரியா உறையும் முடிச்சுகள். இத்தகைய முடிச்சுகளை 1902இல் சிம்மர்மன் என்பார் ஆராய்ந்து விளக்கினார். கிழக்காசியாவில் வளரும் ஆர்டிசியா கிரெனாட்டா என்னும் செடிக்கும் இலையோரத்தில் அவ்வகை முடிச்சுகள் உண்டு. அதனினின்று எடுத்த எப்.ஆர். 900359 என்னும் வலிய பொருளை அச்செடி செய்வதாகவே கருதியிருந்தனர். அதனைச் செய்வது முடிச்சிலுள்ள பாக்டீரியாவே என்பது 2015இற் புலனாயிற்று.

ரோட்லரின் அகராதி வரலாறும் இதனை ஒத்ததே. முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. ஏனைய பகுதிகள் நிறைவுறுமுன் ஆசிரியர் மறைந்தார். டெய்லர் துரையும் வேங்கடாசல முதலியாரும் திருத்தி உதவ, 1841இல் நூல் முற்றிற்று. அட்டையில் விளங்கும் பெயர் ஒன்று. உள்ளே உழைத்தார் பலர்.

ஆதலின், எண்ணூரிலும் வள்ளூரிலும் ஆலைக்கும் சாலைக்குமாக ஒரு புதரை வேரோடு அகழும்போது, அழிவது செடியொன்று மட்டுமன்று. பெயரறியாத பல உயிர்களும், அவை சமைக்கும் மருந்தும் உடன் அழியக்கூடும். ரோட்லர் நடந்த இக்கடற்கரையில் வாழும் மாணாக்கராகிய நாம், ஒரு செடியையேனும் பெயரறிந்து போற்றுவோமாக. அவர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.