ஹோமி பாபா

பம்பாய் மாநகரில் 1909 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30 ஆம் நாள், செல்வம் மிக்க பார்சிக் குடும்பமொன்றில் ஹோமி ஜகாங்கீர் பாபா பிறந்தார். மைந்தர் கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்று, ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் பணிபுரிய வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மைந்தரின் உள்ளமோ இயற்பியலில் தோய்ந்து கிடந்தது. தந்தை சொல்லைத் தட்டவும் இயலவில்லை. உள்ளத்தை மாற்றவும் இயலவில்லை. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால், மேலும் தங்கிக் கணிதம் பயிலப் பொருளுதவுவதாகத் தந்தையார் இசைந்தார். 1930 இல் பாபா அவ்வாறே தேறினார். பின்பு கணிதத்தில் ஆழ்ந்தார்.

1932 இல் அமெரிக்க அறிஞர் ஆண்டர்சன், விண்ணினின்று வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்கையில் பாசிட்ரான் என்னும் துகளைக் கண்டார். பாபாவின் ஆசிரியருள் ஒருவரான டிராக், அத்தகைய துகள் உண்டென்பதைக் கணக்கினாலேயே முன்னர் உணர்த்தியிருந்தார். அது எலக்ட்ரானின் எதிர்ப்பொருள். எடை ஒன்றே, மின்னேற்றம் மட்டும் நேர்மாறு. இரண்டும் கூடின் இரண்டும் மாய்ந்து ஒளிக்கதிராகும்.

அணுவினுள் புகும் பாசிட்ரான் என்னாகும்? அணுக்கருவும் நேர்மின் உடையதாதலின், மெல்ல வரும் பாசிட்ரானை அண்டவிடாது தள்ளும். ஆகவே அது கருவைச் சூழ்ந்த எலக்ட்ரான் ஒன்றோடு கூடியே மாயும். பெரும்பாலும் இரு காமாக் கதிர்கள் எதிரெதிரே பாயும். கருவை ஒட்டிய எலக்ட்ரானாயின், அரிதாக ஒரே கதிர் எழுவதும் உண்டு. அப்போது உதைப்பைக் கரு தாங்கும். விரைந்து வரும் பாசிட்ரான்கள் அவ்வாறு மாயும் அளவை 1934 இல் பாபாவும் ஹ்யூம் என்பாரும் கணித்தனர். (1955 இல் காணப்பெற்ற எதிர்ப் புரோட்டானின் செய்தி வேறு, அதனைக் கரு தன்பால் ஈர்த்துக்கொள்ளும்.)

மறு ஆண்டு பாபா அரியதொன்றைத் துணிந்தார். மோதிய இரு துகள்களும் விலகிச் செல்லலாம். அன்றி, மாய்ந்து மீண்டும் இணையாகப் பிறக்கவும் கூடும். எது நிகழ்ந்ததெனப் பிரித்தறிய ஒண்ணாமையின் இரண்டையும் ஒருங்கே கணக்கிட்டார். அந்நிகழ்ச்சி இன்று பாபா சிதறல் எனப்படுகிறது.

1937 இல் ஹைட்லருடன் காஸ்மிக் கதிர்ப் பொழிவை விளக்கினார். வானுச்சியில் நுழையும் ஒரு துகள் பலவாய்ப் பெருகி இறங்குகிறது. பெரம்பலூர்க் கரிசலில் உழுபவர் மீதும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் வெட்டுபவர் மீதும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் ஓயாது வீழ்கின்றன, உணர்வார்தாம் இல்லை.

1939 இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தவரைப் போர் திரும்பவிடவில்லை. பெங்களூரில் இராமன் இருந்த அறிவியற்கழகத்தில் சேர்ந்தார். 1945 இல் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1948 இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். நாட்டுப்பணி பெருகப் பெருக, அவர் தாமே கணக்கிடும் பொழுது அருகிற்று. 1966 சனவரி 24 அன்று, அவர் சென்ற விமானம் ஆல்ப்சு மலையின் மாண்ட் பிளாங்க் சிகரத்தில் மோதிற்று. அப்போது அவருக்கு வயது 56.