பள்ளி மதிய உணவுச் சட்டத்துக்குப் பெயர் தந்த ரிச்சர்ட் ரஸ்ஸல்

அமெரிக்காவில் ஒரு பள்ளியில் ஏழை மாணவர்கள் எத்தனை பேர் என்பதை அறிய, இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றோரின் எண்ணிக்கையே பல்லாண்டுகளாக அளவுகோலாக இருந்து வருகிறது. இதற்கு அடிப்படையான சட்டம், ஜார்ஜியா மாநில செனட் உறுப்பினர் ரிச்சர்ட் ரஸ்ஸலின் பெயரைத் தாங்கியுள்ளது.

1897 நவம்பர் 2 அன்று விண்டர் நகரில் பிறந்த ரஸ்ஸல், சட்டம் பயின்று, 1931-இல் தமது 33-வது வயதில் மாநில ஆளுநரானார். அங்கு ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். 1933-இல் செனட் அவைக்குள் நுழைந்தவர், இறுதிவரை அதன் உறுப்பினராக நீடித்தார்.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் விலைபோகாத விளைபொருள்களை அரசு வாங்கிப் பள்ளிகளுக்கு வழங்கி வந்தது. அந்தத் தற்காலிக ஏற்பாட்டை நிரந்தரமாக்க முனைந்தவர்களில் ரஸ்ஸல் முதன்மையானவர். விவசாயிக்குச் சந்தை, குழந்தைக்கு உணவு என்ற இரு நோக்கங்களையும் இணைத்த சட்டத்தில் 1946 ஜூன் 4 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டார்.

பணம் செலுத்த இயலாத குழந்தைக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ உணவு தர வேண்டும் என்றது சட்டம். ஆனால் யார் ஏழை என்று தீர்மானிக்கும் பொறுப்பு உள்ளூர் நிர்வாகத்திடமே விடப்பட்டது. விளைவு, 1968-இல் பெண்கள் அமைப்புகள் நடத்திய ஆய்வில் வெளிப்பட்டது. சுமார் 5 கோடி பள்ளிக் குழந்தைகளில் இச்சலுகையைப் பெற்றவர்கள் 20 லட்சத்துக்கும் குறைவு.

ரஸ்ஸலின் வாழ்க்கையில் மறைக்க முடியாத மறுபக்கம் ஒன்று உண்டு. கறுப்பின மக்களின் உரிமைகளுக்கான மசோதாக்களைப் பல ஆண்டுகள் முடக்கிய தென்மாநில அணிக்குத் தலைமை வகித்தவர் அவரே. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்த 1956-ஆம் ஆண்டு அறிக்கையை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. தம்மால் வளர்த்துவிடப்பட்ட லிண்டன் ஜான்சன் குடியரசுத் தலைவராக இருந்து கொண்டுவந்த 1964-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தையும் அவர் கடுமையாக எதிர்த்தார், அம்முறை தோற்றார். கறுப்பினக் குழந்தைகளுக்கும் உணவளித்த சட்டத்தின் முன்னோடி, அவர்கள் வெள்ளையர் பள்ளியில் அமர்வதை ஏற்காதவராகவே இருந்தார்.

நாடு முழுமைக்கும் ஒரே வருமான வரம்பு வகுக்க 1970-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பிறகே அந்த எண்ணிக்கை வறுமையின் அளவுகோலாகப் பயன்படும் தகுதியைப் பெற்றது எனலாம். அடுத்த ஆண்டு, ஜனவரி 21 அன்று ரஸ்ஸல் வாஷிங்டனில் காலமானார்.

இன்று வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை வருமானமுள்ள குடும்பத்துக் குழந்தைக்கு இலவச உணவும், 185 சதவீதம் வரை சலுகை விலை உணவும் கிடைக்கின்றன. ஆயினும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், ஏழை மாணவர்கள் மிகுந்த பள்ளிகள் விண்ணப்பம் பெறாமலே அனைவருக்கும் இலவச உணவு வழங்கலாம். பசித்த குழந்தைக்கு இது நன்மை, கணக்கெடுப்போருக்கோ சிக்கல்.

1999-இல் சட்டத்துக்கு ரஸ்ஸலின் பெயர் சூட்டப்பட்டது. செனட் அலுவலகக் கட்டடம் ஒன்று 1972 முதலே அவர் பெயரில் உள்ளது. 2018-இல் ஜான் மெக்கெய்ன் மறைந்தபோது அதற்கு அவருடைய பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தது, அது நிறைவேறவில்லை.