அட்மிரல் சலிவன்: கடலளவையும் திருச்சபைத் தொண்டும்



மட்டக்களப்பு முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறுவதை நீங்கள் அறிவீர்கள். சென்ற மாரியில் தோணி போன வழி இந்த மாரியில் அடைபட்டிருக்கலாம். அதனால் தோணிக்காரர் கம்பை ஊன்றி ஆழம் பார்த்துச் செல்வர். பெருங்கடலில் செல்லும் கப்பல்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கரையோரக் கடலின் ஆழத்தை அளந்து படமாக வரையும் தொழிலே கடலளவை எனப்படும். அத்தொழிலில் பல ஆண்டுகள் உழைத்து, பின்னர் திருச்சபைத் தொண்டிலும் ஈடுபட்ட ஒருவரை இங்கு அறிந்துகொள்வோம்.

1. இளமைப் பருவம்

பார்த்தலோமியு ஜேம்ஸ் சலிவன் 1810 நவம்பர் 18 இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் பிறந்தார். 1823 இல், உங்களைவிட இளைய வயதில், போட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் கப்டன் பிட்ஸ்ரோயின் பீகிள் கப்பலில் பணியாற்றினார். 1831 டிசம்பரில் புறப்பட்டு 1836 ஒக்டோபரில் திரும்பிய அக்கப்பலின் புகழ்பெற்ற பயணத்தில் அவர் லெப்டினன்ட் பதவியில் இருந்தார். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படிக்கும் சாள்ஸ் டார்வினும் அதே கப்பலில் சென்றார். 1834 இல் சிலி நாட்டின் சிலோயே தீவின் கிழக்குக் கரையை அளக்கச் சென்ற படகுகளுக்குச் சலிவன் தலைமை தாங்கினார். டார்வினும் உடன் சென்றார். அவர்களின் நட்பு டார்வின் 1882 இல் இறக்கும் வரை நீடித்தது.

2. கடலை அளந்த முறை

அக்காலத்தில் மின்கருவிகள் இல்லை. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைக் கடலில் இறக்கி ஆழம் பார்த்தனர். குண்டின் அடியில் பூசிய கொழுப்பில் ஒட்டி வருவதைக் கொண்டு, அடியில் இருப்பது மணலா, சேறா என அறிந்தனர். நம் மீனவர் பாகக் கணக்கில் ஆழம் சொல்வது போல, அவர்களும் ஆறு அடி கொண்ட அளவையே பயன்படுத்தினர். கரையிலுள்ள மலைகளை நோக்கிக் கோணங்களை அளந்து, ஒவ்வோர் ஆழமும் படத்தில் எங்கே வரவேண்டும் எனக் குறித்தனர். ஒரு புள்ளி தவறினால் பின்னால் வரும் கப்பல் பாறையில் மோதும். ஆகவே இது பொறுமையும் நேர்மையும் வேண்டிய வேலை.

சலிவன் 1838 இலிருந்து தென் அத்திலாந்திக்கிலுள்ள போக்லண்ட் தீவுகளின் கரைகளை இவ்வாறு அளந்தார். கிரிமிய யுத்தம் நடந்த 1854 இல், பால்டிக் கடலின் ஓலண்ட் தீவுகளுக்கிடையே போர்க்கப்பல்கள் செல்லக்கூடிய வழியை அளந்து கண்டறிந்தார்.

3. திருச்சபைத் தொண்டு

1865 இல் ஓய்வு பெற்ற சலிவன் போர்ன்மத் நகரில் குடியேறினார். மிசனரிகள் உலகின் பல பகுதிகளுக்கும் சென்ற காலம் அது. மட்டக்களப்புக்கு மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் 1814 இலேயே வந்திருந்தார். சலிவன் தென் அமெரிக்க மிசனரிச் சங்கத்துக்கு உறுதுணையாக இருந்தார். அச்சங்கம் தென் அமெரிக்காவின் தென்முனையான தியரா டெல் பியூகோவில் யாகன் மக்களிடையே பணியாற்றியது.

பீகிள் பயணத்தில் அம்மக்களைக் கண்ட டார்வின், அவர்களிடம் மிசனரிகளை அனுப்புவது வீண் எனக் கருதினார். நற்செய்தியை விளங்கிக்கொள்ள முடியாத மனிதர் எவரும் இல்லை எனச் சலிவன் மறுத்தார். பல ஆண்டுகள் இருவரும் இதில் உடன்படவில்லை, ஆனால் பகைக்கவும் இல்லை. 1870 அளவில் பணியின் செய்திகளை அறிந்த டார்வின், தன் எண்ணம் தவறு என ஒப்புக்கொண்டு பண உதவியும் அனுப்பினார். தவறை ஏற்ற டார்வினின் பண்பும் இங்கு கவனிக்கத்தக்கது.

சலிவன் 1877 இல் அட்மிரல் தரம் பெற்றார். 1890 ஜனவரி 1 இல் காலமானார்.

4. மதிப்பீடு

மாணவர்களே, வரலாறு எழுதும்போது புகழ்ச்சியுடன் நின்றுவிடாதீர்கள். அந்த மிசன் பணி பல உயிர்களைக் கொண்டது. 1851 இல் அலன் கார்டினரும் அவருடைய ஆறு தோழரும் பட்டினியால் இறந்தனர். 1859 இல் ஊலாயா என்ற இடத்தில் மிசனைச் சேர்ந்த எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். யாகன் மக்களின் இழப்போ இதைவிடப் பெரிது. வெளியார் கொண்டுவந்த சின்னமுத்து முதலிய நோய்களால் அவர்களுள் பெரும்பாலோர் மடிந்தனர். மிசனரி தோமஸ் பிரிட்ஜஸ் அவர்களின் மொழிக்கு 30,000 இற்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதியைத் தொகுத்தார். ஆனால் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண்மணி 2022 இல் இறந்தார். அகராதி இருக்கிறது, பேசுவோர் இல்லை.

எம்மக்களையும் தாழ்வாக எண்ணலாகாது என்ற சலிவனின் நம்பிக்கை சரியானதே. ஆனால் நல்லெண்ணம் மட்டும் ஒரு மக்களைக் காத்துவிடாது என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. இரண்டையும் எழுதும் விடையே முழுமையானது.

பயிற்சி வினாக்கள்

1. ஈயக்குண்டின் அடியில் கொழுப்பு பூசப்பட்டது ஏன்?
2. சலிவனும் டார்வினும் எவ்விடயத்தில் மாறுபட்டனர்? அது எவ்வாறு முடிந்தது?
3. உங்கள் ஊரில் ஊதியமின்றிப் பொதுப்பணி செய்து மறைந்த ஒருவரைப் பற்றி, நன்மை குறை இரண்டையும் காட்டி 150 சொற்களில் எழுதுக.